எட்டில் ஒரு பங்கு எஞ்சின்

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு விருத்தாசலம் ஜங்ஷனின் முதல் பிளாட்பாரத்தில் ஏழு பேர் வரிசையாக விழுந்தார்கள். முதலில் சாய்ந்தவர் டீ விற்பவர். அடுத்து, தலையில் பெட்டியோடு நின்ற போர்ட்டர். பிறகு ஊருக்குக் கிளம்பி நின்ற ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு நாலு பேர். கடைசியாக ஸ்டேஷன் மாஸ்டர், பச்சைக் கொடியை விடாமலே குப்புறப் போனார்.

கண்ணால் பார்த்த சாட்சி சனாவுல்லா. அவரால் கத்தக்கூட முடியவில்லை. கடலூர் ரோட்டில் டாக்டர் ஆனந்தராஜின் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். ஊசி போட்டதில் வாயின் இடது பாதி அவருடையது என்ற நினைப்பே போயிருந்தது. விழுந்த ஏழு பேரும் சுண்டுவிரலில் பாதி உயரப் பொம்மைகள். கதவு திறந்திருந்த பக்கத்து அறையில் பன்னிரண்டு அடி பிளைவுட் பலகை மேல் மொத்த ஜங்ஷனும் இருந்தது. மணிமுத்தாற்றுப் பாலம்கூட இருந்தது, ஆற்றில்தான் தண்ணீர் இல்லை. அந்த வகையில் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் கிடையாது.

ஊசி போட்டால் மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும். மற்ற டாக்டர்கள் அந்தப் பத்து நிமிஷத்தில் பேப்பர் படிப்பார்கள். ஆனந்தராஜ் ரயில் ஓட்டுவார். கிளினிக் நேரத்தில் ரயில் பக்கமே போக மாட்டேன் என்று மனைவி சிவசங்கரிக்குக் குலசாமி படத்தின் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். சிவசங்கரி திங்கட்கிழமை சேத்தியாத்தோப்பில் அம்மா வீட்டுக்குப் போனதும் சத்தியத்துக்கும் லீவு விட்டுவிட்டார்.

இன்று ஓட்டியது சாதாரண எஞ்சின் இல்லை. வெளிநாட்டிலிருந்து கிட்டாக, தனித்தனிப் பாகங்களாக வந்த மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின். நூற்று எழுபது பித்தளைத் துண்டுகள். பதினோரு மாதம் உட்கார்ந்து பற்றவைத்து, பல் குடையும் நுண்ணிய டிரில்லால் ஆணித்தலைகளைத் தீட்டி, ரூட் கெனால் ஊசியை வளைத்துப் பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பியாக ஒட்டியிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் ரயில் மாடல்காரர்களின் கண்காட்சி. அதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். அது பிளாட்பாரத்தை உரசிக்கொண்டு போய் ஏழு பேரைச் சாய்த்துவிட்டது.

டாக்டர் எஞ்சினைக் கையில் எடுத்தார். எடை பார்த்தார். கைப்பிடிக் கம்பியைத் தடவினார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது என் எஞ்சின் இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சனாவுல்லா காதால் மட்டும்தான் கேட்டார். டாக்டர் வெளியே போய், பெஞ்சில் ஒன்பது நோயாளிகள் உட்கார்ந்திருக்க, உதவியாளர் தென்றலைப் பார்த்துக் கத்தினார். ரயில் அறைக்கு இரண்டே சாவி. ஒன்று டாக்டர் வீட்டில், இன்னொன்று தென்றலிடம். அவர் சென்னை மாநாட்டுக்குப் போய் மூன்று நாள் ஊரில் இல்லாதபோது அசலை எடுத்துவிட்டுப் போலியை வைத்திருக்கிறாள் என்றார். சாயந்திரம் ஐந்து மணிக்குள் எஞ்சின் வராவிட்டால் அவள் பெயரைப் போட்டுப் போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். தென்றல் ஒரே ஒரு தடவை, "நான் எடுக்கல சார்" என்றாள். ஐந்து வருஷமாக வேப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து வேலை பார்ப்பவள். பல் ஆஸ்பத்திரியில் திருடினவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் வேப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடும். நாளைக்கு வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் உள்ளே விடமாட்டார்கள்.

டாக்டர் திரும்பி வந்து, எஞ்சின் கிடைக்காமல் தனக்குக் கை நிற்காது என்று சனாவுல்லாவிடம் சொன்னார். அந்தக் கையில் பல் பிடுங்கும் குறடு இருப்பதைப் பார்த்த சனாவுல்லா உடனே ஒப்புக்கொண்டார். பல்லை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, துர்காவுக்குப் போன் செய்தார்.

துர்கா பாலக்கரையில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். அதற்கு முன் பதினோரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். எவன் டிக்கெட் இல்லாமல் தூங்குகிறான், எவன் டிக்கெட் இருந்தும் பயப்படுகிறான் என்று முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவார். சனாவுல்லா ஷார்ஜாவில் பத்தொன்பது வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்து, இரண்டு வருஷமாக அவருக்கு உதவியாளர். ஸ்கூட்டர் ஓட்டுவது அவர் வேலை. பேசுவது அவர் பொழுதுபோக்கு. இன்று அதில் பாதி மரத்துக் கிடந்ததில் துர்காவுக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

வந்ததும் துர்கா தென்றலைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்டார். சாவியை யாரிடமாவது கொடுத்தாயா? இல்லை. டாக்டர் சென்னையில் இருந்த மூன்று நாளும் நீ எங்கே? பூஜை லீவு, வேப்பூரில் வூட்டில். அவ்வளவுதான். பிறகு துர்கா, ஐந்து மணி வரை தானும் அவள் பக்கத்திலேயே இருக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளச் சொன்னார்.

"நீங்க எனக்காக வந்திருக்கீங்களா, டாக்டருக்காகவா மேடம்?" என்று தென்றல் கேட்டாள்.

"பல் வலிக்காக வந்த ஆளுக்காக" என்றார் துர்கா. "ஆனா இப்ப உனக்காகத்தான்."

ரயில் அறையில் டாக்டர் கிட்டோடு வந்த வரைபடத்தை விரித்தார். அதில் எஞ்சின் மாடலின் அதே அளவில் அச்சாகியிருந்தது. துர்கா போலியை அதன் மேல் படுக்க வைத்தார். வாலும் தலையும் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டின. அசல் இருபத்து நாலு சென்டிமீட்டர். போலி இருபத்தேழு. புகைபோக்கி பதினாறு மில்லிமீட்டர் இருக்க வேண்டும், பதினெட்டு இருந்தது. சக்கரங்களும் மோட்டாரும் மட்டும் சரியாக இருந்தன. அவை கடையில் வாங்கியவை என்று டாக்டரே சொன்னார். உடம்பு மட்டும் ரெசின் என்கிற பிசினில் வார்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தது. கண்ணாடிப் பெட்டியில் தனியாக நிற்கிற பொருள் கொஞ்சம் வளர்ந்திருந்தால் யாருக்குத் தெரியும்? டாக்டர் பத்து நாளாகப் பெட்டிக்கு வெளியே நின்று அதைத்தான் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

எவனோ அளக்கத் தெரியாத தற்குறி செய்தது என்று டாக்டர் பல்லைக் கடித்தார்.

"தெரியாதவன் செஞ்சா ஒரு எடத்துல கூடும், ஒரு எடத்துல கொறையும்" என்றார் துர்கா. "இது எல்லா எடத்துலயும் எட்டுல ஒண்ணு கூடியிருக்குது. இது தப்பு இல்லீங்க டாக்டர், கணக்கு."

அதற்குள் சனாவுல்லா தண்டவாளத்தின் மேல் குனிந்திருந்தார். காம்பிரசரிலிருந்து எக்ஸ்ரே மிஷின் வரைக்கும் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தன. ரயிலையும் விடவில்லை. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும், சிக்னல் கம்பத்திலும்கூட, குச்சி நுனியால் வைத்த கடுகளவு பொட்டு. போலி எஞ்சினில் மட்டும் பொட்டு இல்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பச்சையும் பழுப்புமாக ஏதோ உருண்டையாகக் கிடந்தது. சனாவுல்லா அதை விரலால் எடுத்து, சரக்கு ரயிலிலிருந்து விழுந்த பூசணிக்காய் என்று பாதி வாயால் அறிவித்தார். துர்கா அதை வாங்கி முகர்ந்து பார்த்து, டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். டாக்டரிடம் எதுவும் சொல்லவில்லை.

படி இறங்கும்போது துர்கா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். திருடுகிறவன் அதே அளவில்தானே செய்வான்? வேண்டுமென்றே பெரிதாகச் செய்கிறவன் யார்?

"ரமலான் முடிஞ்சி எங்க வூட்டம்மா எனக்குச் சட்டை தைக்கக் குடுத்தா அப்படித்தான் பெருசா தைக்கச் சொல்லும்" என்றார் சனாவுல்லா. "இப்ப எளைச்சிருக்காரு, பிரியாணியில பழையபடி ஆயிடுவாருன்னு. இந்த எஞ்சினு அதுக்கு நேர்மாறு போல. பெருசா செஞ்சி எளைக்க வெக்கணும். நம்ம ஊரு சூளையில ஒரு தடவ வெச்சி எடுத்தா எளைச்சிடும். என்னையும் கூடவே அனுப்பி வைங்க மேடம்."

துர்கா கடைசிப் படியில் நின்றுவிட்டார். அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சனாவுல்லாவுக்குத் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயமே வந்துவிட்டது.

"பாய், வண்டிய எடுங்க. செராமிக் எஸ்டேட்டுக்கு."

ஸ்கூட்டரில் போகும்போது விளக்கினார். பச்சை மண்ணில் பொம்மை செய்து சூளையில் வைத்தால் சுருங்கும். அதனால் இந்த ஊரில் அச்சு செய்கிறவர்கள் சுருங்கப்போகிற அளவை முன்கூட்டியே சேர்த்துப் பெரிதாகத்தான் செய்வார்கள். அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கையே செய்துவிடும். ஆனால் ரெசின் சூளைக்குப் போவதில்லை, சுருங்குவதும் இல்லை. அதைக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

எஸ்டேட்டில் முதல் ஷெட்டில் கரண்ட் கம்பத்துக்கு இன்சுலேட்டர் செய்கிறவர்களைக் கேட்டார்கள். தங்கள் மண்ணுக்குப் பத்தில் ஒன்று கூட்டினால் போதும் என்றார்கள். எட்டில் ஒன்று கூட்டுவது பொம்மைக்காரர்கள். பொம்மை அச்சு என்றால் பழமலைநாதன்தான் என்று மூன்றாவது ஷெட்டைக் கை காட்டினார்கள்.

பழமலைநாதனுக்கு அறுபது வயது இருக்கும். முழங்கை வரைக்கும் பிளாஸ்டர் மாவு. வரிசையாகக் காய்கிற பிள்ளையார் அச்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எஞ்சினைப் பற்றிக் கேட்டதும் தனக்குத் தெரியாது என்றார். சொன்ன விதத்திலேயே பொய் என்று தெரிந்தது. துர்கா மிரட்டவில்லை. தெரியாவிட்டால் போகிறது, அதைச் செய்தவருக்கு அளவு தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

"யாருக்கு அளவு தெரியல?" என்றார் பழமலைநாதன்.

சனாவுல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் வலது பக்கம் மட்டும்தான் வந்தது.

துர்கா கையோடு கொண்டுவந்திருந்த வரைபடத்தை விரித்துப் போலியை மேலே வைத்தார். பழமலைநாதன் காலிப்பரை எடுத்து அளந்தார். திரும்ப அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை அளந்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பது மாதிரி.

"நாப்பது வருஷம்" என்றார். "ரெசின்னு தெரிஞ்சிதான் செஞ்சேன். சூளையில வெக்கலன்னு தெரியும். அப்பறம் ஏன் கூட்டினேன்?" திருட்டுப் பழியை விட இது அவரை அதிகமாக உலுக்கிவிட்டது. தன் பேர் கெட்டது, ஊரே சிரிக்கும் என்று புலம்பினார். ஏழு பேர் விழுந்த கதையைச் சனாவுல்லா சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். தலையெல்லாம் பிளாஸ்டர் ஆனது.

பிறகு அவராகவே உள்ளே போய், பச்சைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். உள்ளே அசல் எஞ்சின். ஒரு பக்கச் சக்கரக் கம்பி வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தது. முன்பக்கம் நசுங்கிய இடத்தில் புதிதாகப் பற்றவைத்த அடையாளம். நெற்றியில் சந்தனப் பொட்டு. தான் திருடவில்லை என்றார் பழமலைநாதன். உடைந்துபோய் வந்ததைச் சரிசெய்து தருகிற வரை பெட்டியில் வைக்க ஒரு நகல் கேட்டார்கள், செய்து கொடுத்தார், அவ்வளவுதான்.

கொண்டுவந்தது யார் என்று சனாவுல்லா கேட்டார்.

"கிளினிக்லேர்ந்து ஒரு பொம்பள. பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

சனாவுல்லா மேஜை மேல் கிடந்த துணியைத் திரும்பிப் பார்த்தார். பச்சைத் துணி கிளினிக் துணி. காலையில் அவர் கழுத்தில் கட்டியிருந்ததும் அதே துணிதான், கட்டிவிட்டது தென்றல். வலிக்காது பாய் என்று சொல்லிச் சொல்லிக் கட்டினாள். அவளாக இருக்கக் கூடாது என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. துர்காவின் காதோரம் குனிந்து, எஞ்சினை டாக்டர் வூட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று கேட்கவே வாயைத் திறந்தார்.

துர்கா கைப்பையிலிருந்து டிஷ்யூவைப் பிரித்து, காய்ந்த உருண்டையை மேஜை மேல் வைத்தார்.

"இத வெச்சது அவங்கதானே?"

பழமலைநாதன் அதைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். துர்கா போனை எடுத்து, கிளினிக்கில் வாங்கிவைத்திருந்த ஒரு நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் எடுத்தது டாக்டரின் மனைவி சிவசங்கரி.

எஞ்சின் எங்களிடம் இருக்கிறது என்று துர்கா சொன்னதும் அந்த அம்மாள் ஐயையோ என்றார். பிறகு கொட்டிவிட்டார். ஆயுதபூஜை அன்று டாக்டர் ஊரில் இல்லை. இவர்தான் வீட்டுச் சாவியைப் போட்டு அறையைத் திறந்து, டிரில்லுக்கும் நாற்காலிக்கும் பொட்டு வைத்த கையோடு ரயிலுக்கும் வைத்தார். பஸ்ஸு, லாரி, சைக்கிள் எல்லாம் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறித்தானே இறங்குகிறது, எஞ்சின் மட்டும் என்ன பாவம் செய்தது?

"எலுமிச்சம்பழம் எஞ்சின் ஒசரத்துக்கு இருந்துச்சுங்க. அதான் அளவு பாத்து சுண்டைக்காய் வெச்சேன். நசுங்கும்னு நெனச்சேன். கல்லு மாதிரி இருந்துச்சு. ஏறி அந்தப் பக்கமா தரையில வுழுந்துடுச்சு. அவரு பதினோரு மாசமா செஞ்சது. சொல்றதுக்கு எனக்கு வாய் வரல."

சரிசெய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். கிளினிக் நேரத்தில் டாக்டர் ரயிலைத் தொடமாட்டாரே, சத்தியம் செய்திருக்கிறாரே என்ற தைரியம் வேறு.

"எல்லாம் சரிங்க" என்றார் துர்கா. "ஆனா தென்றல்தான் திருடினான்னு இன்னிக்கு ஒம்பது பேரு முன்னாடி டாக்டர் கத்தியிருக்காரு. அஞ்சு மணிக்குப் போலீசுக்குப் போறாரு."

மறுமுனையில் ஒரு பீரோ திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், மூன்றரை பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்றார்.

உங்களுக்குக் கிளினிக்கிலேயே தெரியுமா என்று சனாவுல்லா திரும்பும் வழியில் கேட்டார். ஒரு சந்தேகம் இருந்தது என்றார் துர்கா. தென்றல் லீவில் இருந்தபோது வீட்டுச் சாவியைப் போட்டு உள்ளே வந்து, ரயிலுக்கெல்லாம் பொட்டு வைக்கிற திருடன் உண்டா?

"அப்பறம் ஏன் என்னை இவ்ளோ நேரம் தவிக்க வுட்டீங்க?"

"எஞ்சின் கைக்கு வராம டாக்டர்கிட்ட போயி உங்க சம்சாரம்தான்னு சொன்னா, கொறட்ட எனக்குக் காட்டுவாரு பாய்."

ஐந்தடிக்கப் பத்து நிமிஷத்துக்கு டாக்டர் புகார் எழுதி முடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். துர்கா எஞ்சினை மேஜை மேல் வைத்தார். டாக்டர் அதைக் கையில் எடுத்து ரூட் கெனால் கம்பியைத் தடவிக் கண் கலங்கிய நேரத்தில் சிவசங்கரி உள்ளே வந்தார். உடைத்தது நான்தான் என்றார். சொல்லிவிட்டு உடனே, கிளினிக் நேரத்தில் ரயில் ஓட்டினீர்களா என்றும் கேட்டார். டாக்டர் எந்தக் குற்றத்துக்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியாமல் புகார்க் காகிதத்தை எடுத்துக் கிழித்தார். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் சுண்டைக்காயைப் பற்றியும் குலசாமியைப் பற்றியும் சத்தம் போட்டுக்கொண்டார்கள். சனாவுல்லாவுக்கு மரமரப்பு விட்டு வலி திரும்பிவிட்டது. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

தென்றல் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் நிற்பது டாக்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தப்பு தன்மேல்தான், மன்னித்துக்கொள், மனதில் வைக்காதே என்றார். உண்மையாகத்தான் சொன்னார். சிவசங்கரியும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே சாயந்திர நோயாளிகள் காத்திருக்கிறார்கள், அவர்கள் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்று டாக்டர் எழுந்தார்.

"இவங்க வேற, காலையில கேட்டவங்க வேற சார்" என்றாள் தென்றல். குரல் உயரவே இல்லை. "ஒம்பது பேரோட நம்பரும் நோட்டுல இருக்குது. நீங்களே போன் போட்டு சொல்லுங்க."

டாக்டர் துர்காவைப் பார்த்தார். துர்கா சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் போனை எடுத்தார். தென்றல் நோட்டைப் பிரித்துப் பக்கத்தில் நின்று நம்பரைப் படித்தாள். டாக்டர் பேசறேன், பல்லைப் பத்தி இல்லீங்க, என்று ஆரம்பித்து ஒவ்வொருவரிடமும் அதே நாலு வரியைச் சொன்னார். முதல் ஆள் சுண்டைக்காய்க் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாவது ஆள் பாதியில் சிரித்துக் கட் செய்தார். மூன்றாவது வீட்டில் விஷயம் ஏற்கெனவே தெரு முழுக்கப் போயிருந்தது, அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று அந்த அம்மாளே கவலைப்பட்டார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் தென்றல் பேனாவால் டிக் அடித்தாள்.

நாலாவது, வேப்பூர் பக்கத்து மங்களூர் சொர்ணாம்பாள். பேரனுக்குப் பல் எடுக்க வந்தவர். போன் ஸ்பீக்கரில் இருந்தது. டாக்டர் நாலு வரியையும் சொல்லி முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு எடுக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும் டாக்டரே" என்றார் சொர்ணாம்பாள். "நீங்க அந்தக் கத்து கத்தறப்ப, அது எங்க பையன் வாயில ரத்தம் வராம பஞ்ச அமுக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. கை கொஞ்சங்கூட ஆடல. பையன் பயந்துடுவான்னு அவனப் பாத்து சிரிச்சுக்கிட்டு வேற இருந்துச்சு."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத தென்றல் நோட்டை மூடி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டைத் திரும்பப் பிரித்து, ஐந்தாவது நம்பரைப் படித்தாள்.